வெற்றியாளர் இல்லாத இறுதியாட்டம்

ஸ்கொத்லாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் கிண்ணத்தை வென்ற கழகங்களின் பட்டியல் 1874ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அப்பட்டியலில் இடையிடையே சில வெற்றிடங்கள் உண்டு. இரண்டு உலகப் போர்களின் போதும் போட்டி நிறுத்தப்பட்டிருந்தது. ஆதலால் அவ்வாண்டுகள் வெறுமையாய் இருப்பதில் வியப்பில்லை. ஆயின் 1909ஆம் ஆண்டிலே போர் எதுவும் இல்லை. போட்டி முறைப்படி நடந்தது. இறுதியாட்டமும் நடந்தது, ஒரு முறையன்று, இரு முறை நடந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் காசு கொடுத்து அதனைப் பார்த்தனர். ஆயினும் அவ்வாண்டுக்கு எதிரே எந்தக் கழகத்தின் பெயரும் எழுதப்படவில்லை. அன்று கிளாஸ்கோ நகரத்து ஹம்ப்டன் மைதானத்தில் மூண்ட தீ, கிண்ணத்தை யாருக்கும் கொடுக்க முடியாதபடி செய்துவிட்டது.

உதைபந்தாட்டத்தைப் பற்றியும் வரலாற்றுக் கட்டுரை எழுதுவதா என்று நம் ஆசிரிய நண்பர் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். மன்னர் மாண்ட ஆண்டுகளையும் உடன்படிக்கைகளின் ஷரத்துகளையும் மாணவர் வாயில் திணிப்பதே வரலாறு எனக் கொண்டோருக்கு இக்கட்டுரை பயன்படாது. உழைக்கும் மக்கள் வாரத்தில் ஐந்தரை நாள் என்ன செய்தனர் என்பதைப் பொருளாதார வரலாறு ஓரளவு கூறுகின்றது. எஞ்சிய அரை நாளில் அவர்கள் எங்கே திரண்டனர், எதற்காகக் கூவினர், எதற்காகச் சினந்தனர் என்பதை அறியாமல் அம்மக்களை நாம் அறிந்ததாகக் கூற முடியுமா? அவர்கள் சினந்த ஒரு பிற்பகலையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அக்காலத்துக் கிளாஸ்கோ எத்தகைய நகரம் என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் இரண்டாவது நகரம் எனத் தன்னைத் தானே அழைத்துக்கொண்ட நகரம் அது. கிளைட் நதியின் இரு கரைகளிலும் கப்பல் கட்டுந் துறைகள் நெருங்கி நின்றன. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், உலகிலே கட்டப்பட்ட கப்பல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்நதிக்கரையிலிருந்தே கடலில் இறங்கிற்று. புகைவண்டி இயந்திரங்கள், உருக்கு, நிலக்கரி, பருத்தி என்று அந்நகரம் ஈட்டிய செல்வம் பெரிது. அச்செல்வத்தை ஆக்கியவர்களுட் பெரும்பாலோர் ஓர் அறையோ ஈரறையோ கொண்ட கல் வீடுகளில், ஒரு படிக்கட்டுக்குப் பல குடும்பமாக, மலசலகூடத்தைப் பிறருடன் பங்கிட்டு வாழ்ந்தனர். 1908இல் கப்பல் தொழிலிலே கடும் மந்தம் உண்டாயிற்று. சம்மட்டி ஓய்ந்த துறைகளின் வாயில்களில் வேலையற்றோர் காத்து நின்ற ஆண்டு அது. நாம் கூறப்போகும் ஆட்டம் அதற்கடுத்த இளவேனிலில் நடந்தது.

அம்மக்களும் ஒரு மக்களல்லர். 1840களின் கொடும் பஞ்சத்துக்குப் பின்னர் அயர்லாந்திலிருந்து பெருந்தொகையானோர் கிளைட் கரைக்கு வந்தனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர்; சிலர் அல்ஸ்ரர் பகுதிப் புரட்டஸ்தாந்தர். அவர்கள் மட்டுமன்றி, நிலவுடைமையாளரால் விரட்டப்பட்டு ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிலிருந்து வந்தோரும் இருந்தனர். கப்பல் துறையின் நுட்ப வேலைகள் பெரும்பாலும் புரட்டஸ்தாந்தரின் கையில் இருந்தன. சுமை தூக்குதல், மண் வெட்டுதல் முதலிய கூலி வேலைகளே கத்தோலிக்க அயர்லாந்தாருக்கு எஞ்சின. பட்டினிக்கு அஞ்சி வந்தவன் எந்தக் கூலிக்கும் இணங்குவான். அதனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவன் அவனை வெறுப்பான். இருவருக்கும் கூலி கொடுப்பவனுக்கு இவ்வெறுப்பு இலாபகரமானது. இதனை விளக்க ஸ்கொத்லாந்துக்குச் செல்லவேண்டியதில்லை என்பதை நம் வாசகர் அறிவர்.

சனிக்கிழமை நண்பகலில் துறைகளின் ஊது சங்கு ஒலித்ததும் வேலை முடியும். கையில் வாரக் கூலி. முன்னே ஓர் அரை நாள். அந்த அரை நாளைத் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றன. அதனை நிரப்பும் வழியை மைதான உரிமையாளர் விரைவிலேயே கண்டுகொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய உதைபந்தாட்ட மைதானங்கள் மூன்றும் இந்த ஒரு நகரிலேயே இருந்தன. அவற்றுட் பெரியதான ஹம்ப்டன், குயின்ஸ் பார்க் என்னும் பழைய கழகத்துக்குச் சொந்தமானது. 1903 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. 1908இல் ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் அங்கே ஆடியபோது 121,452 பேர் நுழைவாயிலைக் கடந்தனர். அன்று நகரின் மக்கட்டொகை எட்டு இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. கோயிலும் தொழிற்சங்கமும் அரசியற் கட்சியும் ஒரே பிற்பகலில் கூட்ட இயலாத கூட்டத்தைத் தோற் பந்து ஒன்று கூட்டிற்று.

இனி, இரு கழகங்கள்.

றேஞ்சர்ஸ் கழகம் 1872இல் தோன்றியது. கிளாஸ்கோவுக்கு வேலை தேடி வந்த சில இளைஞர், பொதுப் பூங்காவிலே பந்து விளையாட விரும்பித் தொடங்கிய கழகம் அது. அதன் தோற்றத்தில் மதச் சார்பு எதுவும் இல்லை. செல்ரிக் கழகம் வேறு வகையிலே பிறந்தது. கிழக்குக் கிளாஸ்கோவின் வறிய கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கிவந்த வோல்ஃபிரிட் என்னும் மாரிஸ்ற் சபைத் துறவி, அதற்குப் பணந் திரட்டும் பொருட்டு 1887 நவம்பரில் ஒரு கோயில் மண்டபத்தில் அதனைத் தொடக்கினார். பசித்த பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கூழ்: இதுவே செல்ரிக்கின் ஆதி நோக்கம்.

அக்கழகம் ஆடிய முதல் ஆட்டமே றேஞ்சர்ஸுடன் நடந்தது. 1888 மே 28ஆம் திகதி ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அதனைப் பார்த்தனர். செல்ரிக் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு கழகத்தாரும் அதே கோயில் மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்து உணவருந்திப் பாட்டுக் கேட்டனர். இச்சிறு செய்தியை நாம் வேண்டுமென்றே குறிப்பிடுகின்றோம். பிற்காலத்தில் இவ்விரு கழகங்களின் பகை இயற்கையானது, இரத்தத்தில் ஊறியது, என்றும் உள்ளது என்றெல்லாம் எழுதப்பட்டது. ஆதியில் இருந்ததோ ஒரு பந்தி.

பகை எப்போது வந்தது? பணம் வந்தபோது வந்தது என்று ஒரே வரியிற் கூறிவிட்டால் அது அரை உண்மையாகும். ஆயினும் அந்த அரையை முதலிற் கூறவேண்டும். 1893இல் ஸ்கொத்லாந்தில் ஊதியம் பெற்று ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1897இல் செல்ரிக்கும் 1899இல் றேஞ்சர்ஸும் வரையறுத்த கம்பனிகளாயின. செல்ரிக்கின் பணிப்பாளர் சபையிலே மதுக்கடைக்காரரும் கட்டட ஒப்பந்தக்காரரும் அமர்ந்தனர். வோல்ஃபிரிட் துறவி 1892இலேயே இலண்டனுக்கு மாற்றப்பட்டுவிட்டார். பிள்ளைகளின் உணவுக்கென வழங்கப்பட்ட பணம் குறைந்தது. பங்குதாரருக்குப் பங்கிலாபம் வழங்கப்பட்டது. அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியோர் கழகத்துக்குள்ளேயே இருந்தனர் என்பதும், அவர்கள் தோற்றனர் என்பதும் பதிவாகியுள்ளன.

மற்ற அரை உண்மை இது: செல்ரிக் தொடர்ந்து வென்றது. அயர்லாந்துக் கூலிகளின் கழகம் எனப்பட்ட ஒன்று நாட்டின் முதன்மைக் கழகமாயிற்று. அதற்கு ஈடு கொடுக்கவல்ல, ‘நம்மவர்’ கழகம் ஒன்றை மற்றைய பகுதியார் தேடினர். றேஞ்சர்ஸ் வலிமை மிக்கதாய் அருகிலேயே இருந்தது. எனவே மதப் பிரிவு மைதானத்துக்குள் நுழைந்தது. அதை நுழையவிட்டதனால் இரு கம்பனிகளின் வாயிற் பணமும் பெருகிற்று. 1904இல் கிளாஸ்கோ விளையாட்டுப் பத்திரிகை ஒன்று கேலிச்சித்திரம் வெளியிட்டது. முன்னும் பின்னும் விளம்பரப் பலகை தொங்கும் ஓர் ஆள், பழைய கம்பனியையே ஆதரியுங்கள் என்று அறிவித்துக்கொண்டு நடக்கிறான். கம்பனி என்றது செல்ரிக்கையும் றேஞ்சர்ஸையும் சேர்த்து. இரண்டும் எதிரிகளல்ல, ஒரே கடையின் இரண்டு கதவுகள் என்பது அக்கேலியின் பொருள். அப்பெயர் நிலைத்துவிட்டது, இன்றும் இவ்விரு கழகங்களின் ஆட்டத்தை மக்கள் அப்பெயராலேயே வழங்குகின்றனர். கேலியாகப் பிறந்தது என்பதை மறந்து, பெருமையோடு வழங்குகின்றனர்.

கூட்டத்தின் உயிரைக் கம்பனிகள் எவ்வளவுக்கு மதித்தன என்பதற்கு 1902 ஏப்ரல் 5ஆம் திகதி சான்று. றேஞ்சர்ஸின் ஐபுரொக்ஸ் மைதானத்தில் ஸ்கொத்லாந்து இங்கிலாந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, புதிதாகக் கட்டப்பட்ட மரப் படிமேடை இடிந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் பலகையின் ஓட்டை வழியே பல அடி ஆழத்தில் வீழ்ந்தனர். இருபத்தைந்து பேர் மாண்டனர். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோரையும் காயமுற்றோரையும் சுமந்து சென்றுகொண்டிருக்கையிலேயே ஆட்டம் மீண்டும் தொடங்கி முடிக்கப்பட்டது. தரங்குறைந்த பலகை பயன்படுத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டின் பேரில் மர வியாபாரி ஒருவர் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். ஹம்ப்டனில் 1909இல் திரண்ட கூட்டத்தில் அந்நாளை நேரிற் கண்டோர் பலர் இருந்திருப்பர். கூட்டம் எதையும் மறப்பதில்லை. சொல்லத்தான் அதற்குத் தெரிவதில்லை.

1909 ஏப்ரல் 10ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. செல்ரிக் முந்திய இரண்டு ஆண்டுகளிலும் கிண்ணத்தையும் லீக் வெற்றியையும் ஒருங்கே பெற்றிருந்தது. மூன்றாம் முறையாகக் கிண்ணம் பெறுமா என்பதே வினா. ஏறத்தாழ எழுபதினாயிரம் பேர் கூடினர். செல்ரிக்கின் முன்னணி வீரர் ஜிம்மி குயின், குறோய் என்னும் சுரங்கக் கிராமத்தவர். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மைதானத்துக்கு வந்தவர். றேஞ்சர்ஸ் பக்கம் ஆடிய அலெக் பெனெற் ஓராண்டுக்கு முன்னர்வரை செல்ரிக்கின் வீரர். மதத்தின் பெயரால் மோதுவதாகச் சொல்லப்பட்ட இரு கழகங்களுக்கிடையில் வீரர்கள் ஊதியத்துக்காக இவ்வாறு மாறிச் செல்ல அக்காலத்தில் தடையிருக்கவில்லை.

குயின் ஒரு கோல் போட்டார். றேஞ்சர்ஸ் இரண்டு போட்டது. அவற்றுள் ஒன்று பெனெற் போட்டது. பின்னர் றேஞ்சர்ஸின் கோல் காப்பாளர் ஹரி றெனி உயர வந்த பந்தைப் பற்றினார். குயின் தன்மீது பாய்வதைக் கண்டு அவர் உடலைத் திருப்பியபோது பந்து கோட்டைக் கடந்துவிட்டதென மத்தியஸ்தர் தீர்ப்பளித்தார். இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் சமநிலை. அடுத்த சனிக்கிழமை மறு ஆட்டம் என அறிவிக்கப்பட்டது.

அவ்விரு சனிக்கிழமைகளுக்கு இடையே இத்தாலியிலே நிகழ்ந்த ஒன்றைச் சற்று விலகிக் குறிப்பிட விரும்புகின்றோம். ஏப்ரல் 11, 12ஆம் திகதிகளில் தூரின் நகரத்திலே பல நாட்டுக் கழகங்கள் ஒரு கிண்ணத்துக்கு ஆடின. இங்கிலாந்திலிருந்து சென்றது டேர்ஹாம் பகுதியைச் சேர்ந்த வெஸ்ற் ஓக்லண்ட் என்னும் சிறு கழகம்; பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைக் கொண்டது. அவர்களே வென்றனர். அக்கிண்ணத்தை வழங்கியவர் சேர் தோமஸ் லிப்ரன். கிளாஸ்கோவிலே, அல்ஸ்ரரிலிருந்து வந்த ஏழைப் பெற்றோருக்குப் பிறந்து, 1871இல் அந்நகரிலே ஒரு சிறு கடை தொடங்கி, 1890இல் இலங்கையிலே தேயிலைத் தோட்டங்களை வாங்கிய அதே லிப்ரன். நம் மலைகளிலே கொழுந்து கிள்ளிய தமிழ்க் கூலிப் பெண்களின் உழைப்பு, கடல் கடந்து, வெள்ளியாக உருகி, சுரங்கத் தொழிலாளரின் கைக்குப் பரிசாகப் போயிற்று. ஒரு தொழிலாளர் கூட்டத்தின் வியர்வையை இன்னொரு தொழிலாளர் கூட்டத்துக்குக் கொடையாக வழங்கி, நடுவே நின்றவர் புகழ் பெறுவது எவ்வளவு எளிதாக நடந்தது! நிற்க.

ஏப்ரல் 17ஆம் திகதி. ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் மீண்டும் காசு கொடுத்து ஹம்ப்டனுள் நுழைந்தனர். முதல் ஆட்டத்துக்கும் மறு ஆட்டத்துக்குமிடையில் நகரிலே ஒரு பேச்சு பரவியிருந்தது. ஆட்டம் வேண்டுமென்றே சமநிலையாக்கப்பட்டது; இன்னொரு வாயிற் பணம் சேர்ப்பதற்காகக் கம்பனிகள் செய்த சூழ்ச்சி என்பது அப்பேச்சு. அதற்கு ஆதாரம் அன்றும் இல்லை, பின்னரும் கிடைக்கவில்லை. றெனியின் கையிலிருந்த பந்தைக் கோட்டுக்கு அப்பால் தள்ளியது குயினின் பாய்ச்சலேயன்றிக் கணக்குப்பிள்ளையின் பேனா அன்று. எனினும் வதந்தியைப் பொய் என்று தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவது வரலாற்று ஆசிரியனுக்கு அழகன்று. சூழ்ச்சி நடக்கவில்லையாயினும், நடந்திருக்கும் என்று ஒரு நகரமே நம்பியது ஏன்? தாம் விரும்பும் கழகம் தம்மைக் கைமுதலாக மதிக்கின்றது என்பதை அம்மக்கள் உள்ளூர உணர்ந்திருந்தனர். அவ்வுணர்வுக்கு வதந்தி ஓர் உருவம் கொடுத்தது, அவ்வளவே.

மறு ஆட்டமும் சமநிலையில் முடிந்தது. றேஞ்சர்ஸுக்கு கோர்டன் ஒன்று, செல்ரிக்குக்குக் குயின் ஒன்று. மறு ஆட்டமும் சமநிலையானால் மேலதிக நேரம் ஆடி அன்றே முடிவு காணப்படும் என்று பத்திரிகைகள் வாயிலாக மக்கள் எதிர்பார்த்திருந்தனர். போட்டி விதிகளோ, மூன்றாவது ஆட்டத்திலேயே மேலதிக நேரத்துக்கு இடமளித்தன. விதிப் புத்தகம் சங்கத்தின் அலுமாரியில் இருந்தது. மக்களின் கையில் நுழைவுச்சீட்டு மட்டுமே இருந்தது. மத்தியஸ்தர் ஊதி முடித்த பின்னர் வீரர் சிலர் மைதானத்தை விட்டு அகலாமல் நின்றனர். அவர்களுக்கும் ஐயம் போலும். கூட்டம் காத்து நின்றது. பின்னர் வீரர்களும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே சென்றனர். எவரும் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் அறியோம். ஆயின் அறுபதினாயிரம் பேருக்கு ஒரு வார்த்தை சொல்வதற்கான ஏற்பாடு எதுவும் அம்மைதானத்தில் இருக்கவில்லை. அவர்களிடம் காசு பெறுவதற்கான ஏற்பாடு மட்டும் குறைவின்றி இருந்தது.

முதலிற் சிலர் வேலியைத் தாண்டி மைதானத்துள் இறங்கினர். பின்னர் நூற்றுக்கணக்கானோர், பின்னர் ஆயிரக்கணக்கானோர். கோல் கம்பங்கள் பிடுங்கப்பட்டன, வலைகள் கிழிக்கப்பட்டன. பொலிசார் குண்டாந்தடியுடன் பாய்ந்தபோது கல்லும் போத்தலும் பறந்தன. அடுத்து, கூட்டம் தன் கோபத்துக்குரிய பொருளைக் கண்டுகொண்டது. நுழைவாயிலில் காசு பெறும் மரக் கூண்டுகளை உடைத்து விறகாக்கினர். அவ்விறகின்மேல் விஸ்கியை ஊற்றித் தீ மூட்டினர். தீயணைப்புப் படையினர் வந்தபோது அவர்களைக் கல்லால் அடித்து, நீர்க் குழாய்களை வெட்டினர். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் கலவரம் நீடித்தது. பொலிசார் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். மைதானத்தைச் சுற்றியிருந்த தெருக்களின் விளக்குகள் பல நொறுக்கப்பட்டன.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமும் அதுவே. அன்று செல்ரிக் கூட்டம் றேஞ்சர்ஸ் கூட்டத்தை அடிக்கவில்லை. றேஞ்சர்ஸ் கூட்டம் செல்ரிக் கூட்டத்தை அடிக்கவில்லை. இதனை அன்றைய செய்தியாளரே வியந்து பதிவு செய்தனர். பச்சையும் நீலமும் தோளோடு தோள் நின்று கூண்டை உடைத்தன. ஒரே நகரில் தனித் தனிப் பள்ளியிற் படித்து, தனித் தனிக் கோயிலில் மணந்து, தனித் தனி மதுக்கடையில் குடித்து வந்தவர்கள், இரண்டு மணி நேரம் ஒரே எதிரியைக் கண்டனர்.

அந்த ஒற்றுமையைப் பாராட்டி ஒரு பாட்டெழுத நம் அன்பருட் சிலர் துடிக்கலாம். சற்றுப் பொறுக்குமாறு வேண்டுகின்றோம். தீயணைக்க வந்தவர்கள் முதலாளிகளல்லர், கூலிக்கு உழைப்போர். அவர்களின் தலையில் விழுந்த கல் தொழிலாளியின் தலையில் விழுந்த கல்லே. காயமுற்ற பொலிஸ்காரருட் பலர் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகளின் பிள்ளைகள். உடைந்த விளக்கு இருளாக்கியது ஏழைகளின் தெருவை. விஸ்கியின் பங்கும் சிறிதன்று. கோரிக்கை இல்லாத, தலைமை இல்லாத, மறுநாள் என்ன என்ற எண்ணமில்லாத இச்சீற்றத்தைப் புரட்சி என்பது புரட்சி என்ற சொல்லுக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

ஆயின் மறுபுறத்தில், அக்காலத்து நடுத்தர வர்க்கப் பத்திரிகைகள் செய்ததும் நேர்மையன்று. காடையர், குடிவெறியர், விளையாட்டை விரும்பும் உண்மையான இரசிகரல்லாத கீழ்மக்கள் என்று கூறி அவை கோப்பை மூடிவிட்டன. கீழ்மக்களின் வெறி எனின் அது கண்ணிற் பட்டதையெல்லாம் அழித்திருக்கும். தீ முதலிற் பற்றியதோ காசுக் கூண்டுகளை. வெறிக்கும் ஒரு விலாசம் உண்டு. அதனைப் படிக்க மறுத்தால் பொலிஸ் அறிக்கைதான் வரலாறாக எஞ்சும். இங்கிலாந்திலே பதினெட்டாம் நூற்றாண்டில் பாண் விலை ஏறியபோதெல்லாம் மக்கள் மாவாலைகளையும் களஞ்சியங்களையும் தாக்கினர். நியாயமான விலை எது என்பதைப் பற்றி அவர்களுக்கு ஓர் எண்ணம் இருந்தமையை ஈ. பி. தொம்சன் 1971இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் நிறுவினார். ஹம்ப்டன் கூட்டத்துக்கும் அத்தகைய ஓர் எண்ணம் இருந்ததென்பது நம் கருத்து. இரண்டு முறை காசு கொடுத்தோம், முடிவு எமக்குரியது. சட்டப் புத்தகத்தில் இல்லாவிடினும் அவர்களின் நெஞ்சில் இருந்த விதி அது.

அடுத்து நடந்தது கலவரத்தை விடச் சுவையானது. மக்கள் இரு பக்கமும் ஒன்றுபட்டதைப் போலவே மேலிடமும் ஒன்றுபட்டது. செல்ரிக்கும் றேஞ்சர்ஸும் கூட்டாக, மூன்றாவது ஆட்டம் வேண்டாம் எனச் சங்கத்தைக் கேட்டுக்கொண்டன. பரம விரோதிகள் எனப்பட்டோர் ஒரு தாளில் ஒப்பமிடுவதற்கு ஒரு வாரங்கூடத் தேவைப்படவில்லை. சங்கமும் இசைந்தது. கிண்ணமும் பதக்கங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. எரிந்த மைதானத்துக்காகக் குயின்ஸ் பார்க் கழகத்துக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டது. இருமுறை நுழைவுக் காசு கொடுத்த மக்களுக்கு இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை.

ஆடிய வீரருக்கும் அப்படியே. இருமுறை ஆடியும் அவர்களில் எவருக்கும் பதக்கம் இல்லை. அன்றியும், கிண்ண ஆட்டங்களால் லீக் ஆட்டங்கள் தேங்கிப்போனமையால், செல்ரிக் வீரர்கள் ஏப்ரல் மாதக் கடைசிப் பன்னிரண்டு நாட்களில் எட்டு ஆட்டங்கள் ஆட நேர்ந்தது. ஆடினர், லீக் வெற்றியையும் பெற்றனர். இதனைக் கழக வரலாறுகள் வீரகாவியமாகப் பாடுகின்றன. சுரங்கத்திலே இரட்டை முறை வேலை வாங்குவதையும் இவ்வாறு பாடுவார்களா என்று குயினைக் கேட்டிருக்கலாம்.

அவ்விரண்டு மணி நேரத்து ஒற்றுமை என்னவாயிற்று? மறைந்துவிட்டது என்றே கூறவேண்டும். 1912இல் பெல்பாஸ்ற் நகரத்துக் கப்பற் கம்பனியான ஹார்லண்ட் அண்ட் வூல்ஃப், ஐபுரொக்ஸை அடுத்த கோவன் பகுதியில் துறை திறந்தது. அல்ஸ்ரர்த் தொழிலாளர் பலர் அங்கு வந்தனர். அயர்லாந்தின் சுயாட்சிப் போராட்டம் கொதித்த ஆண்டு அது. அக்கொதிப்பும் அவர்களுடன் வந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் றேஞ்சர்ஸ் கத்தோலிக்கரைச் சேர்ப்பதை அறவே தவிர்த்தது. எழுதப்படாத அவ்விதி 1989இல் மோ ஜோன்ஸ்ரன் சேர்க்கப்பட்டபோதுதான் பகிரங்கமாக உடைந்தது. 1923இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபையே அயர்லாந்துக் குடியேற்றத்தை இனத்துக்கு வந்த ஆபத்தாகச் சித்திரித்த அறிக்கையொன்றை ஏற்றது. அதற்காக அது வருத்தந் தெரிவிக்க எண்பதாண்டு அளவு பிடித்தது. வேலையின்மை பெருகப் பெருக மைதானப் பகையும் பெருகிற்று.

எனினும் அந்நகரத்து மக்கள் ஒன்றுபடவே தெரியாதவர்கள் என்று முடிவு செய்வதும் தவறு. அதே கோவன் தெருக்களில் 1915இல் வீட்டு வாடகை உயர்வை எதிர்த்து மேரி பார்பர் முதலிய பெண்கள் திரண்டெழுந்தனர். வாடகை வசூலிப்போரையும் வீட்டை விட்டு எழுப்ப வந்த அதிகாரிகளையும் மணியடித்துக் கூடி விரட்டினர். கப்பல் தொழிலாளர் வேலை நிறுத்தி அவர்களுடன் நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிரித்தானியா முழுவதற்கும் வந்துவிட்டது. இதற்கும் ஹம்ப்டன் தீக்கும் உள்ள வேறுபாடு சீற்றத்தின் அளவில் இல்லை. பெண்களிடம் ஒரு கோரிக்கை இருந்தது, குழு இருந்தது, மணியடிக்க முறை வைத்திருந்தனர்.

மீண்டும் 1971. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் திகதி, இவ்விரு கழகங்களின் ஆட்டம் முடிந்து மக்கள் ஐபுரொக்ஸின் பதின்மூன்றாம் படிக்கட்டால் இறங்குகையில் நெரிசலில் அறுபத்தாறு பேர் மாண்டனர். அதே படிக்கட்டில் 1961இல் இருவர் இறந்திருந்தனர். அம்மாத இறுதியில் செல்ரிக் வீரரும் றேஞ்சர்ஸ் வீரரும் ஒரே அணியாகச் சேர்ந்து, இறந்தோர் குடும்பங்களுக்காக ஹம்ப்டனில் ஆடினர். எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் கிளைட் மேற்கரைக் கப்பல் துறைகளை அரசாங்கம் கைவிட முனைந்தபோது, ஜிம்மி றீட் முதலியோர் தலைமையில் தொழிலாளர் வேலையை நிறுத்தாமல், துறைகளைத் தம் பொறுப்பில் ஏற்று நடத்தினர். குடிவெறியும் காலித்தனமும் கூடாது என்று றீட் அவர்களுக்கு இட்ட கட்டளை உலகறிந்தது. அவருக்கு 1909 நினைவில் இருந்ததோ இல்லையோ, கிளாஸ்கோவை அவர் நன்கறிந்திருந்தார்.

துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த 1980ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி, அதே ஹம்ப்டனில், அதே கிண்ணத்துக்கு, அதே இரு கழகங்கள் இறுதியாட்டம் ஆடின. அன்று மேலதிக நேரம் கொடுக்கப்பட்டது. ஜோர்ஜ் மக்கிளஸ்கியின் காலிற் பட்டுத் திசைமாறிய பந்தினால் செல்ரிக் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு பக்கத்துக் கூட்டமும் மைதானத்துள் இறங்கின. இம்முறை காசுக் கூண்டை எவரும் நாடவில்லை. போத்தலாலும் கல்லாலும் இரும்புக் குழாயாலும் ஒருவரையொருவர் தாக்கினர்; குதிரைப் பொலிசார் நடுவே புகுந்து பிரித்தனர். மைதானங்களிலே மதுவைத் தடை செய்யும் சட்டம் அதே ஆண்டிலே இயற்றப்பட்டது. 1909ஐயும் 1980ஐயும் இரு கலவரங்கள் என ஒரே தலைப்பின் கீழ் எழுதுவோர் உளர். மாணவர் இவ்விரு நாள்களையும் அருகருகே வைத்து, எந்தக் கல் எப்பக்கம் பறந்தது என்று பார்ப்பார்களாக.

1909ஐ அடுத்த ஆண்டின் இறுதியாட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1910இல் டண்டீ, கிளைட் என்னும் கழகங்கள் இறுதியாட்டத்துக்கு வந்தன. ஐபுரொக்ஸிலே ஆடினர். முதல் ஆட்டம் சமநிலை. மறு ஆட்டமும் சமநிலை. மூன்றாவது ஆட்டத்திலேதான் டண்டீ இரண்டுக்கு ஒன்று என வென்றது. மூன்று முறையும் வாயிலிற் காசு வாங்கினார்கள்.